பன்றியும் பனிக்கடல் பாக்டீரியாவும்

சோற்றை விழுங்காமல் கொஞ்ச நேரம் மென்றுகொண்டே இருந்தால் லேசாக இனிக்கும். எச்சிலில் இருக்கும் அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தின் நீண்ட சங்கிலியை வெட்டிச் சர்க்கரைத் துண்டுகளாக்குகிறது என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்போம். இதே வேலையை நம் கணையம் செய்கிறது. பன்றியின் கணையமும் செய்கிறது. அண்டார்டிகாவின் கடலோரத்தில், உறையலாமா வேண்டாமா என்றிருக்கும் உப்புத் தண்ணீரில் வாழ்கிற சூடோஆல்ட்டிரோமோனாஸ் ஹாலோபிளாங்டிஸ் என்ற பாக்டீரியாவும் செய்கிறது. பெயர் வாயில் நுழையாது. பனிக்கடல் பாக்டீரியா என்று வைத்துக்கொள்வோம்.

குளிர்விரும்பிப் பாக்டீரியாக்களின் நொதிகளைப் பற்றி யார் பேசினாலும் சுற்றிச் சுற்றி இந்த அமைலேஸிடம்தான் வந்து நிற்பார்கள். பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழகத்தில் சார்ல்ஸ் ஜெர்டேயும் ஜார்ஜ் ஃபெல்லரும் ஆண்டுக்கணக்கில் இதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பாக்டீரியா வந்த இடம், பிரெஞ்சுக்காரர்களின் டூமோன் துர்வில் ஆய்வு நிலையம் இருக்கும் அடேலிக் கரை. 1998இல் பிரான்சில் ரிஷார் அசேரின் குழு இதன் படிக அமைப்பை வெளியிட்டது. குளிர்விரும்பியின் நொதி ஒன்று எக்ஸ்-கதிரில் அணு அணுவாக உருவம் காட்டிய முதல் சில தருணங்களில் அது ஒன்று. பன்றி அமைலேஸின் அமைப்பைச் சில வருடம் முன்பே கண்டுபிடித்திருந்ததும் அதே அசேரின் குழுதான். ஒரே கண்கள் இரண்டையும் பார்த்திருக்கின்றன என்பது ஒப்பிடுகிறவர்களுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம்.

குளிரில் என்ன சிக்கல்? வெப்பநிலை பத்து டிகிரி இறங்கினால் வேதிவினையின் வேகம் பாதியாகவோ மூன்றில் ஒன்றாகவோ விழும். நம் உடம்புச் சூட்டிலிருந்து பூஜ்யத்துக்கு இறங்கினால் எத்தனை முறை பாதியாகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் நொதிகளில் பெரும்பாலானவை அங்கே இருந்தும் இல்லாததும் ஒன்றுதான். வேகம் மட்டுமல்ல, எல்லாமே விறைத்துப்போகும். மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் சொட்டு விழாதே, அந்த நிலைமைதான் செல்லின் சவ்வுக்கும். பாக்டீரியா தன் கொழுப்பமிலங்களில் வளைவுள்ளவற்றைக் கூட்டிச் சவ்வை இளக்கமாக வைத்துக்கொள்கிறது. ஆனால் நொதி அப்படிக் கொழுப்பை மாற்றித் தப்பிக்க முடியாது. அதன் உடம்பே மாறியாக வேண்டும்.

எங்கே மாறியிருக்கிறது என்பதுதான் சுவாரசியம். வேகமாக வெட்ட வேண்டுமென்றால் கத்தியைத்தானே தீட்டியிருக்க வேண்டும்? அசேர் குழு பார்த்தபோது கத்தி அப்படியே இருந்தது. பன்றியின் அமைலேஸ் 496 அமினோ அமிலங்கள் கொண்டது. பனிக்கடல் பாக்டீரியாவினுடையது 453. மொத்தச் சங்கிலியை ஒப்பிட்டால் ஏறக்குறைய பாதிதான் ஒத்துப்போகிறது. ஆனால் மாவுச்சத்தைப் பிடிப்பதிலும் வெட்டுவதிலும் நேரடியாகக் கைகொடுக்கும் 24 அமினோ அமிலங்களில் ஒன்றுகூட மாறவில்லை. வெட்டும் இடம் அச்சு அசல் ஒன்று. மாற்றமெல்லாம் அதைச் சுற்றித் தாங்கி நிற்கிற கட்டுமானத்தில்.

அந்தக் கட்டுமானத்தில் நடந்திருப்பதெல்லாம் கழிவுதான், கூட்டல் அல்ல. எதிரெதிர் மின்சுமையுள்ள இரண்டு அமினோ அமிலங்கள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொள்வதை உப்புப் பாலம் என்பார்கள்; அவை குறைந்திருக்கின்றன. பன்றியிடம் கந்தக அணுக்கள் கைகோக்கும் டைசல்ஃபைடு இணைப்புகள் ஐந்து இருந்தால் இதனிடம் நான்கு. பல பிணைப்புகளை ஒரே நேரத்தில் போடவல்ல ஆர்ஜினினும் குறைவு. எனக்குப் பிடித்தது புரோலினின் கதை. மற்ற அமினோ அமிலங்கள் சங்கிலியில் ஓரளவு இப்படியும் அப்படியும் திரும்பும். புரோலினின் பக்கக்கிளையோ வளைந்து வந்து தன் முதுகெலும்பையே கவ்விக்கொள்கிறது. அதனால் அது இருக்கும் இடத்தில் சங்கிலி திரும்பாது. மடிப்புகளுக்கு இடையிலுள்ள வளைவுகளில் ஒரு புரோலினை வைத்தால் அந்த வளைவு இறுகிவிடும். பனிக்கடல் நொதி இத்தகைய புரோலின்களில் பலவற்றை விட்டுவிட்டது. ஆக, ஒரு வீட்டிலிருந்து ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கியது மாதிரி இருக்கிறது, அடுப்படியை மட்டும் தொடாமல்.

பலன் எண்களில் தெரிகிறது. 10 டிகிரி செல்சியஸில் ஒரு நொடிக்கு எத்தனை வெட்டு என்று எண்ணினால், இது பன்றியினுடையதைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு வேகம். பதிலுக்குக் கொடுத்ததும் தெரிகிறது: பன்றி அமைலேஸ் 66 டிகிரி வாக்கில்தான் மடிப்பவிழ்ந்து குலைகிறது, இது 44லேயே குலைந்துவிடுகிறது. மாவுச்சத்தைப் பிடிப்பதிலும் பிடி தளர்வுதான். விசித்திரம் என்னவென்றால், 44 வரை உருவம் குலையாமல் நின்றாலும் 30 டிகிரியைத் தாண்டும்போதே வேலை குறையத் தொடங்கிவிடுகிறது. ஆள் நிற்கிறான், கை ஓடவில்லை. இதற்கு ஸ்வீடனின் உப்சாலாவில் யோஹான் ஓக்விஸ்டின் குழு 2020இல் கணினிப் பாவனையில் ஒரு விளக்கம் சொன்னது: மாவுச்சத்தைப் பிடித்திருக்கும்போதே, வெட்டும் இடமான செயலிடத்தை ஒட்டிய ஒரு பிடிமானம் விட்டுப்போய், வெட்ட முடியாத கோலத்தில் நொதி மாட்டிக்கொள்கிறது. அதே ஓக்விஸ்ட், நார்வேக்காரர்களோடு சேர்ந்து 2014இல் சால்மன் மீனின் டிரிப்சினையும் மாட்டின் டிரிப்சினையும் ஒப்பிட்டிருக்கிறார். மீன் நொதியின் மேற்பரப்பு அணுக்களை அசையாமல் கணினியில் கட்டிப்போட்டதும் அது மாட்டு நொதியைப்போலவே நடந்துகொண்டதாம். செயலிடம் உள்ளே இருக்க, குளிருக்கான சாமர்த்தியம் வெளித்தோலில் இருக்கிறது.

நம் நாட்டிலும் குளிர்விரும்பிகளைப் பற்றிய வேலை நடந்திருக்கிறது. ஹைதராபாத்தின் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில், அண்டார்டிகாவின் ஷிர்மாக்கர் பகுதி மண்ணிலிருந்து எடுத்த பாக்டீரியாக்களை எண்பதுகளிலிருந்தே ஆராய்ந்தார்கள்.

எனக்கு இந்தத் தளர்ந்த ஜாதி நொதிகளோடு பழக்கம் ஏற்பட்டது படித்தல்ல, சோம்பலால். ஆய்வகத்தில் குளோனிங் வேலை பார்த்தபோது, வெட்டிய வெக்டர் (நாம் விரும்பும் ஜீனைச் சுமக்கும் டிஎன்ஏ வளையம்) தன் இரண்டு முனைகளையும் தானே ஒட்டிக்கொள்ளாமல் இருக்க முனையிலுள்ள பாஸ்பேட்டை பாஸ்படேஸ் போட்டு நீக்குவோம். நீக்கியபின் அந்தப் பாஸ்படேஸ் ஒழிய வேண்டும். இல்லாவிட்டால் அடுத்துச் சேர்க்கும் டிஎன்ஏவின் பாஸ்பேட்டையும் தின்றுவிடும். கன்றுக்குட்டிக் குடலின் பாஸ்படேஸ் லேசில் ஒழியாது. ஃபீனால் ஊற்றிக் குலுக்கி, சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி, மேல்படிவத்தை மட்டும் பிப்பெட்டில் உறிஞ்சி, ஆல்கஹாலில் வீழ்படிய வைத்து, கடைசியில் டியூப் அடியில் டிஎன்ஏ இருக்கிறதா இல்லையா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டு நிற்பேன். பாதி நாள் இருக்காது. பிறகு அண்டார்டிக் பாஸ்படேஸ் வந்தது, டேப்5 என்ற பனிப்பிரதேசப் பாக்டீரியாவின் ஜீனை ஈ.கோலையில் ஓடவிட்டுத் தயாரிப்பது. வேலை முடிந்ததும் டியூப்பை 80 டிகிரி ஹீட் பிளாக்கில் 2 நிமிடம் வைத்தால் போதும், ஆள் காலி. அதே டியூப்பில் டிஎன்ஏவை ஒட்டும் லைகேஷனைத் தொடங்கிவிடலாம். என்னோடு வேலை பார்த்த ஜூனியர் பெண் ஒருமுறை சொன்னாள்: “அக்கா, சீக்கிரம் சாகுறதுக்குன்னே காசு குடுத்து வாங்குற சாமான் இது ஒண்ணுதான்.”

அவள் சொன்னது சரி. ஆனால் அந்தப் பாக்டீரியாவுக்கு இந்த உறுதியின்மையால் என்ன லாபம்? இங்கேதான் கட்சி பிரிகிறது. லியேஜ்காரர்கள் பன்றியிடம் உள்ள பிணைப்புகளைப் பனிக்கடல் அமைலேஸில் ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்துப் பார்த்தார்கள். ஐந்து மாற்றங்களை ஒன்றாகச் சேர்த்த வடிவமும் செய்தார்கள். உறுதி கூடியது, வேகம் குறைந்தது, பிடி இறுகியது. நடத்தையில் பன்றியை நோக்கி நகர்ந்தது. ஆகவே, தளர்வுதான் வேகத்துக்குக் கொடுத்த விலை என்பது அவர்கள் கட்சி.

எதிர்க்கட்சியின் வலுவான சாட்சி 2000இல் வந்தது. பிற்பாடு 2018இல் வேதியியல் நோபல் பெற்ற ஃபிரான்சஸ் அர்னால்டின் குழு, அண்டார்டிகாவின் இன்னொரு பாக்டீரியாவின் சப்டிலிசின் நொதியை எடுத்து, கண்டபடி மாற்றங்கள் புகுத்தி, தேறியதைப் பொறுக்கி, மறுபடி மாற்றி, தலைமுறை தலைமுறையாக வளர்த்தது. கடைசியில் கிடைத்த நொதி 60 டிகிரியில் மூலத்தைவிட ஏறக்குறைய 500 மடங்கு காலம் தாக்குப்பிடித்தது; குளிரில் செய்த வேலையையும் கைவிடவில்லை. கால்சியத்தை இறுக்கிப் பிடிக்கக் கற்றுக்கொண்டதுதான் பெரும்பாலும் காரணம். அப்படியானால் உறுதியும் குளிர்வேகமும் சேர்ந்தே இருக்க முடியும். பிறகு ஏன் இயற்கையில் சேர்ந்து இல்லை? உறுதியை அங்கே யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். சூடே படாத தண்ணீரில் ஒரு உப்புப் பாலம் தற்செயலாகப் போனாலும் பாக்டீரியாவுக்கு நஷ்டமில்லை. நஷ்டமில்லாதது காலப்போக்கில் போய்த்தான் தீரும்.

என் ஓட்டு பாதிக்குமேல் இந்தப் பக்கம்தான். செயலிடத்தை ஒட்டிய தளர்வு தேவைக்காக வந்தது. தொலைவிலுள்ள தளர்வில் நிறைய கவனிப்பாரில்லாமல் வந்தது. குளிர்விரும்பி என்றாலே நொதி நோஞ்சானாகத்தான் இருக்கும் என்று பாடம் நடத்துகிறவர்களிடம் ஃப்ரிட்ஜில் இருக்கும் பாலைக் காட்டலாம். அங்கே மெல்ல வளர்கிற சூடோமோனாஸ் வெளிவிடும், புரதத்தை வெட்டும் சில புரோட்டியேஸ்கள், பாலை 135 டிகிரிக்கு மேல் சூடேற்றும் யுஎச்டி முறைக்கும் சாகாமல் பிழைத்து, டப்பாவுக்குள் கசப்பேற்றுகின்றன. பாக்டீரியா போய்விடுகிறது, நொதி இருக்கிறது.

உயிர்வேதியியல் படிக்கிற பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களிடம் ஒன்று சொல்லுங்கள். புரோட்டீன் டேட்டா பேங்க் இணையதளத்துக்குக் காசு வேண்டாம், போனிலேயே திறக்கும். 1AQH என்று தேடினால் பனிக்கடல் அமைலேஸ் வரும், 1PPI என்றால் பன்றியினுடையது. இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று பொருத்திப் பார்க்கச் சொல்லுங்கள். பாடப்புத்தகத்தில் இந்தப் படம் கிடையாது.