படங்கும் முளையும்

விடுமுறைக் காலத்தில் குடும்பத்தோடு வானிற் புறப்பட்டு, மனம் விரும்பிய இடத்தில் நிறுத்தி, வண்டியின் பக்கத்தில் ஒரு படங்கை இழுத்துக் கட்டி, அதன் நிழலிற் சமைத்துண்டு, இரவில் அங்கேயே கண்ணயரும் வழக்கம் நம்மவர் சிலரிடம் உண்டு. பாய், பானை, விளக்கு என ஒவ்வொன்றையும் எண்ணி ஏற்றும் இவ்வன்பர்கள், படங்கின் கயிற்றைப் பிணிக்கும் முளையை மாத்திரம் ஏதோ ஒரு குச்சிதானே என்று விட்டுவிடுகின்றனர். விரித்த படங்கு கப்பற்பாய் போன்றது. காற்று அடியிற் புகுந்தால் அதனை மேலே தூக்கும். முளை பிடுங்கப்பட்டாலோ, கயிற்றின் நுனியிற் சுழன்றுவரும் அவ்விரும்பு கீழே உறங்கும் குழந்தையின் தலையையும் பதம்பார்த்துவிடும்.

சென்ற ஓகஸ்ட் விடுமுறையில் நாம் இரு குடும்பங்களாக யாழ்ப்பாணத்திலிருந்து மலைநாடு வரை சென்றோம். சோழகம் விடாது வீசும் காலம் அது. நாடு சிறியதாயினும் நிலம் ஒரே தன்மையதன்று என்பதை நூல்களிற் படித்திருக்கிறோம். முளையடித்துப் பார்த்தபோதே அது கைக்குத் தெரிந்தது.

முதலிற் கீரிமலைப் பக்கம் தங்கினோம். குடாநாடு சுண்ணக்கல்லின்மேல் அமைந்தது. கல்லின் துளைகளூடாக இறங்கிய மழைநீரே அங்கு கடலோரத்தில் நன்னீர் ஊற்றாகச் சுரக்கிறது. நீருக்கு வழிவிடும் அக்கல் முளைக்கு வழிவிடாது. மண் ஒரு சாண் ஆழங்கூட இல்லாத இடங்கள் பல. கடையில் வாங்கிய மெல்லிய அலுமினிய முளை மூன்றாம் அடியிலேயே வளைந்தது. அயல்வீட்டுப் பெரியவர் ஒருவர் அதனைக் கண்டு, “உது சரிவராது தம்பி. அலவாங்காலை தட்டிப் பாருங்கோ, வெடிப்பிருந்தால் சத்தம் மாறும்” என்று கூறித் தம் அலவாங்கையும் தந்துதவினார். வெடிப்புள்ள இடத்திற் கட்டடக் கம்பியின் குட்டையான துண்டு இறுகப் பற்றிக்கொண்டது. வெடிப்பில்லாத மூலையில் உரப்பை ஒன்றிற் கற்களை நிரப்பிக் கயிற்றை அதிற் பிணித்தோம். கல் நிறைந்த ஊரிற் கல்லைக்கொண்டே கட்டுவது எளிது.

அடுத்து மணற்காடு. சவுக்கந் தோப்பும், மணல் மூடிய பழைய அந்தோனியார் கோயிலின் சிதைவும், அலையலையாய்க் கிடக்கும் மணற்குன்றுகளும் கண்ணுக்கு விருந்தெனினும், முளைக்கு இதனினும் பொல்லாத நிலம் இல்லை. உருண்டைக் கம்பி நெய்யிற் செருகிய கரண்டிபோல வந்துவிடும். மணலில் வேண்டுவன நீளமும் அகலமும். பனை வைரத்தில் இரண்டடி நீளமும் நான்கு விரல் அகலமுமாகச் சீவிய முளையை, அதன் தட்டையான முகம் கயிற்றை நோக்குமாறு, மேற்பரப்பின் உலர்மணலைத் தாண்டி ஈரமணலில் இறங்கும்வரை அடித்தல் வேண்டும். அதனினும் மேலானது, சாக்கில் மணலை நிரப்பி, நடுவிற் கயிற்றைக் கட்டி, முழங்காலளவு குழியிற் குறுக்கே கிடத்தி மூடிவிடுவது. வண்டிப் பக்கம் போக எஞ்சிய இரு மூலைகளில் ஒன்றைச் சாக்கிலும் மற்றொன்றைப் பனைமுளையிலும் கட்டினோம். இரவு முழுதும் காற்று மணலை வாரியிறைத்தது. விடியலிற் பார்த்தபோது முளை அரைவாசி வெளியே வந்திருந்தது. சாக்குக் கிடந்த இடத்தில் மணல்கூட வெடிக்கவில்லை.

அங்கிருந்து கொடிகாமம் வழியாகத் தெற்கே திரும்பினால் முகமாலை. ஈண்டு வாசகர்கள் சற்றே நின்று கேட்டல் வேண்டும். 2009-இற் போர் முடிந்த பின்னரும் பல்லாண்டுகளாக இப்பகுதியிற் கண்ணிவெடி அகற்றும் வேலை நடைபெற்றது. முளையடித்தலாவது நிலத்தினுள் இரும்பைச் சம்மட்டியால் இறக்குதல் அன்றோ! ஆடுமாடு மேய்கிறதே என்பது சான்றாகாது. மாட்டின் குளம்பு செல்லாத ஆழத்திற்கு முளை செல்லும். வெள்ளத்தில் மண் அரித்துப் புதைந்த பொருள் இடம்மாறுவதும் உண்டு. மண்டையோட்டுக் குறியிட்ட சிவப்புப் பலகை நிற்கும் திசையில் ஓரடியும் வைத்தலாகாது. பலகை இல்லாத இடத்திலும் ஊரவரையும் கிராம அலுவலரையும் கேளாமல் வீதியோரத்தை விட்டு இறங்குதல் தகாது. நாம் அன்றிரவு ஆனையிறவுக்கு அப்பால், ஒரு கோயிலின் வெளிவீதியில், உரியவர்களின் அனுமதியோடு தங்கினோம். அங்கும் முளை அடிக்கவில்லை. 20 லீற்றர் தண்ணீர்க் கான் ஒன்று 20 கிலோ நிறையுடையது. மூலைக்கு இரண்டாக நான்கு கான்களை வைத்துக் கட்டினோம். நம் சாரதி தன் இளமையில் இம்மண்ணைக் கடந்த கதையைச் சொல்லத் தொடங்கி, பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருப்பதைக் கண்டு பாதியில் நிறுத்திக்கொண்டார்.

வன்னியின் களிநிலத்தைப் பற்றி நெடிது கூற வேண்டியதில்லை. கோடையில் அது ஓடுபோல் இறுகிப் பிளந்து கிடக்கும். பிளவில் முளை நில்லாது. பிளவுக்கு விலகி ஒரு செம்பு நீரூற்றிச் சிறிது பொறுத்து இரும்பு முளையை இறக்கினால் பிடித்துக்கொள்ளும். மறுநாள் அதனைப் பிடுங்குவதே பெரும்பாடு.

பட்டிப்பொலையை அடைந்தபோது 6,000 அடிக்கு மேல் வந்துவிட்டோம். வடக்கே வெயிலில் வெடித்த அதே மாதத்தில் இங்கே மழையும் மூடுபனியும். புற்றரையில் முளை குதிக்காலால் மிதிக்கவே இறங்கிற்று. எளிதில் இறங்குவது எளிதில் வரும். மேலே வேர்ப்பின்னலும் அடியில் நனைந்த மண்ணுமாதலால் நீண்ட முளைகளையே எடுத்து, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு அடித்து, முன்முளையின் தலையைப் பின்முளையோடு பிணித்தோம். எந்நிலத்திலும் முளையின் தலை படங்கிற்கு எதிர்ப்புறமாகச் சாய்ந்திருத்தல் வேண்டும். கயிறும் முளையும் ஏறக்குறைய செங்கோணமாக நின்றால் இழுவை மண்ணின்மேற் சாரும். கயிற்றையும் மறத்தலாகாது. பருத்திக் கயிறு நனைந்தாற் சுருங்கி முளையை இழுக்கும். ஆகவே மழைக்குமுன் தளர்த்த வேண்டும். நைலோன் கயிறோ நனைந்தால் நெகிழும்; அதனை மழையினிடையே எழுந்து இறுக்க வேண்டும். நாம் நள்ளிரவில் இருமுறை எழுந்தோம். அக்குளிரில் அது இன்பமான காரியமன்று.

காலையிற் புறப்படும்போது 8 முளைகளில் 7 மாத்திரமே கைக்கு வந்தன. அவ்விடத்திற் பசுக்கள் மேய்வதுண்டு. புல்லில் மறைந்த இரும்பு அவற்றின் காலைக் கிழித்துவிடும். பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி அரைமணி நேரம் தேடுவித்து, எட்டாவதையும் எடுத்துக்கொண்டே வண்டியில் ஏறினோம்.