அப்பத்தாவின் இலந்தை வடைக்கு அளவு கிடையாது

போன வருடம் மாசியில் அவள் செய்த இலந்தை வடையில் பூசணம் பூத்துவிட்டது. சென்னையில் வாடகை வீட்டு மொட்டை மாடி. மார்க்கெட்டில் வாங்கிய இரண்டு கிலோ பழத்தைக் கொட்டை எடுத்து, மிக்ஸியில் அடித்து, தட்டி, மூன்று நாள் காயவைத்து, பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடினாள். பத்தாம் நாள் திறந்து பார்த்தால், வடைக்கு மேல் வெள்ளையாகப் பஞ்சு. மொத்தமும் குப்பைக்குப் போனது. "எப்படித்தா வந்துச்சு?" என்று அப்பத்தா போனில் கேட்டபோது, "சூப்பரா வந்துச்சு அப்பத்தா, தீர்ந்தே போச்சு" என்று சொல்லிவிட்டாள்.

சின்னப் பொய்தான். ஆனால், அதற்குப் பிறகு அப்பத்தா ஊரெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். "என் பேத்தி மெட்ராஸ்லயே எலந்த வட போடுறா."

இந்த வருடம் அவள் பொங்கலுக்குப் போகவில்லை. பழம் கனியும் நேரம் பார்த்து, மாசி முதல் வாரத்தில் நான்கு நாள் விடுப்பு எடுத்தாள். மானாமதுரை வரை ரயில், அங்கிருந்து பஸ்.

நரிக்குடி, விருதுநகர் மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை கண்மாயை நிறைத்தால் நெல் உண்டு. ஏமாற்றினால், வெயிலும் முள்ளும்தான். சும்மா கிடக்கும் நிலத்தையெல்லாம் சீமைக் கருவேலம் பிடித்துக்கொள்கிறது. அதை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்களும் இருப்பதால், முழுமனதோடு திட்டவும் முடியவில்லை. அந்தக் காட்டுக்கு இடையே வரப்பிலும் கண்மாய்க்கரையிலும் இன்னொரு முள் நிற்கும். அதுதான் நாட்டு இலந்தை.

இதை யாரும் நடுவதில்லை. நடுவது ஆடுதான். பகலில் பழத்தை விழுங்கிவிட்டு, ராத்திரி பட்டியில் அசைபோடும்போது கொட்டையை மட்டும் துப்பிவிடும். பட்டிக் குப்பையோடு கொட்டையும் காட்டுக்குப் போய், மழையில் முளைக்கும். வேர் ஆழமாக இறங்குவதால் சித்திரை வெயிலிலும் சாகாது. வெட்டினாலும் அடியிலிருந்து துளிர்க்கும். மழையை ஒட்டிப் பூப்பூத்து, தை, மாசியில் பழுக்கும்.

"ஆடு வர்றதுக்குள்ள போயிறணும்" என்பதுதான் அப்பத்தாவின் ஒரே கால அட்டவணை. விடிவதற்கு முன்பே தொரட்டியும் இரண்டு ஓலைக் கொட்டானும் ஒரு பழைய சேலையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். அப்பத்தாவுக்கு இப்போது முழங்கால் வலி. வரப்பில் ஏற முடியாது. கீழேயே குத்தவைத்து உட்கார்ந்துகொண்டு உத்தரவு மட்டும் போட்டார். "சேலையை அடியில விரி. கொப்பைப் புடிச்சு உலுப்பு. பறிக்காத, உலுப்பு!"

உலுப்பினால் கனிந்தது மட்டும் உதிரும், காய் மரத்திலேயே நிற்கும். பறித்தால் எல்லாம் கலந்து வந்துவிடும். இது தெரியாமல், போன வருடம் மார்க்கெட்டில் பளபளவென்று இருந்த செங்காயாகப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கியிருந்தாள்.

நாலாவது கொப்பிலேயே துப்பட்டா மாட்டிக்கொண்டது. இலந்தையின் கணுவில் பெரும்பாலும் இரண்டு முள் இருக்கும். ஒன்று நேராகக் குத்தும், இன்னொன்று கொக்கி மாதிரி வளைந்து பிடித்துக்கொள்ளும். அவள் இழுக்க இழுக்க இன்னும் இறுகியது. "இழுக்காதத்தா. அது பக்கமாவே போ, தானா விட்டுரும்." போனாள், விட்டது. கையில் மட்டும் மூன்று கோடு.

பக்கத்தில் சூரைக்கொடி படர்ந்திருந்தது. மிளகைவிடக் கொஞ்சம் பெரிய, கறுத்து மினுங்கும் பழம். இங்கிலாந்தில் கோடை முடிகிற சமயத்தில் வேலியோர பிளாக்பெர்ரியை மக்கள் பறிப்பார்கள் என்று படித்திருக்கிறாள். அதற்கு நம்மூரில் சொந்தக்காரன் யாரென்றால் இந்தச் சூரைப்பழத்தைத்தான் சொல்ல வேண்டும். நிறத்தில் மட்டும்தான் சொந்தம், குடும்பம் இலந்தைக் குடும்பம். அவர்கள் சர்க்கரை போட்டு ஜாம் காய்ச்சுவார்கள். சூரைப்பழம் வீடு வரைக்கும் வந்து சேர்ந்ததாகச் சரித்திரமே இல்லை, பறித்த இடத்திலேயே முடிந்துவிடும்.

அந்த வரப்பில் முன்பெல்லாம் ஏழெட்டு இலந்தை நின்றது. இப்போது இரண்டு. 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவுக்குப் பிறகு, தென்மாவட்டங்களில் சீமைக் கருவேலத்தை அகற்றும் வேலை மும்முரமாக நடந்தது நினைவிருக்கலாம். அந்தச் சமயத்தில் இந்தப் புஞ்சைக்கும் மண் அள்ளும் இயந்திரம் வந்தது. இயந்திரத்துக்கு எல்லாமே முள்தான். வேரோடு பிடுங்கிப் போட்டதில் இலந்தையும் போனது. பிறகு சீமைக் கருவேலம் திரும்பவும் வந்துவிட்டது, இலந்தை வரவில்லை. புஞ்சையும் இப்போது வேறு ஒருவர் பெயரில் இருக்கிறது. கல் ஊன்றிவிட்டார்கள். "அடுத்த மாசி இது நிக்குமான்னு தெரியல" என்று அப்பத்தா சொன்னார். குரலில் வருத்தம்கூட இல்லை. அதுதான் அவளுக்கு என்னவோ போல் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் பழத்தைப் பிரித்தார்கள். வழவழவென்று இருப்பது தின்பதற்கு. கனிந்து, தோல் சுருங்கி, பழுப்பேறியதுதான் வடைக்கு. சின்ன ஓட்டை தெரிந்தால் உள்ளே புழு. இலந்தைக்கென்றே ஒரு பழ ஈ இருக்கிறது. கொட்டானில் கால்வாசி அதற்கே போனது. நல்ல பழத்தைக் கழுவி, ஈரம் போக நிழலில் உலர்த்தி, மறுநாள் உரலுக்குக் கொண்டுபோனார்கள்.

உலக்கை பிடித்தது அவள். வறுத்த மிளகாய் வத்தலையும் கல்லுப்பையும் முதலில் இடித்து, பிறகு பெருங்காயம், கொஞ்சம் வெல்லம், கடைசியில் கொட்டையோடு பழம். கொட்டை நொறுங்கி, சதையோடு பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ள வேண்டும். சாப்பிடும்போது கொட்டைத் தூளைத் துப்புவதும் இலந்தை வடையின் ருசியில் சேர்த்தி. பத்து நிமிடத்தில் அவள் தோள்பட்டை கழன்றது.

உப்பு எவ்வளவு என்று கேட்டதற்கு அப்பத்தா கையைக் காட்டினார். அவள் விடவில்லை. சென்னையிலிருந்து கொண்டுவந்த சின்ன எடைக் கருவியில், ஒவ்வொரு முறையும் அந்தக் கைப்பிடியை வாங்கி நிறுத்தாள். 38 கிராம். அடுத்தது 44. மூன்றாவது 31. ஒவ்வொரு தடவையும் பழம் ஏறக்குறைய ஒரு கிலோ. "என்ன அப்பத்தா, மூணும் மூணு விதமா இருக்கு?" "பழமும் மூணு விதமாத்தானத்தா இருக்கு? புளிப்பைப் பாத்துப் போட்டேன்."

பாதி இடிக்கும்போது கை ஓடவில்லை. "கொஞ்சம் தண்ணி தெளிச்சுக்கவா?" என்று கேட்டாள்.

அப்பத்தா நிமிர்ந்து பார்த்தார். "போன வருசம் தண்ணி ஊத்துனியாக்கும்?"

மிக்ஸி ஓடுவதற்காகத்தான் ஊற்றினாள். அரை டம்ளர்கூட இருக்காது. ஆனால், இலந்தை வடையின் மொத்த வித்தையும் தண்ணீரை வெளியேற்றுவதில் இருக்கிறது. உப்பு பழத்தின் ஈரத்தை இழுக்கிறது. வெயில் அதை உறிஞ்சுகிறது. பூசணம் பிழைக்க ஈரம் கிடைப்பதில்லை. இதே இலந்தையை ஜிம்பாப்வேயில் 'மசாவ்' என்பார்கள். அங்கேயும் வெயிலில் உலர்த்தித்தான் சேர்த்துவைக்கிறார்கள். சென்னையின் கடற்காற்றில் மூன்று நாள் காய்ச்சலும், நடுவில் ஈரம் இருக்கும்போதே டப்பாவில் அடைத்ததும் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டன.

"பூசணம் பூத்துருச்சு அப்பத்தா. அம்புட்டையும் கொட்டிட்டேன். உன்கிட்ட பொய் சொன்னேன்."

"தெரியும்."

"எப்படி?"

"நல்லா வந்துருந்தா எனக்கு நாலு அனுப்பியிருப்பியேத்தா" என்று சொல்லிவிட்டு, உலக்கையை எடுக்கச் சொல்லிக் கையைக் காட்டினார்.

உள்ளங்கை அளவுக்கு, மெல்லிசாகத் தட்டி, பனை ஓலைப் பாயில் பரப்பினார்கள். ஈ மொய்க்காமல் மேலே மெல்லிய வேட்டி. வெயில் இறங்கியதும் உள்ளே எடுத்துவிட வேண்டும், மாசிப் பனி ஒரே ராத்திரியில் எல்லாவற்றையும் நமுத்துப்போக வைத்துவிடும். தினமும் ஒரு தடவை திருப்பிப் போட வேண்டும். காய்ந்துவிட்டதா என்று பார்க்க, நடுவில் விண்டு பார்க்க வேண்டும். விரலில் ஈரம் ஒட்டினால் இன்னொரு நாள். வெயிலில் வைட்டமின் சி கணிசமாகப் போய்விடும் என்பது உண்மைதான். ஆனால், சத்துக்காக இலந்தை வடை தின்றவர் யாரையாவது பார்த்திருக்கிறீர்களா? 1968-ல் வந்த 'பணமா பாசமா' படத்தில் எல்.ஆர்.ஈஸ்வரி பாடியதைக் கேட்டு நாக்கு ஊறியவர்களும் சத்தை நினைத்திருக்க மாட்டார்கள்.

விடுப்பு முடிந்த அன்று வடை முழுதாகக் காயவில்லை. அவள் எடுத்துக்கொண்டு போகிறேன் என்றாள், அப்பத்தா கொடுக்கவில்லை. பத்து நாள் கழித்து ஊரிலிருந்து வந்த சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டார். துணிப்பையில் பன்னிரண்டு வடை, கூடவே ஒரு பழைய எவர்சில்வர் தூக்கு. பிளாஸ்டிக்கை அப்பத்தா நம்புவதாக இல்லை.

ஒரு வாரம் கழித்துப் போன் வந்தது.

"என்னத்தா, தீந்து போச்சா?"

அவள் எழுந்து போய்த் தூக்கைத் திறந்து எண்ணிப் பார்த்தாள். "இல்ல அப்பத்தா. இன்னும் ஏழு இருக்கு."