தாங்குதலும் தணித்தலும்

பாதையின் மேடுபள்ளங்களை வண்டியின் ஸ்பிரிங்கே தாங்குகிறது என எண்ணுகிறோம். அது பாதி உண்மையே. ஸ்பிரிங் அடியைத் தாங்கும்; ஆனால் வாங்கியதை அப்படியே திருப்பித் தந்துவிடும். அத்துள்ளலைத் தணிப்பது ஷாக் அப்சார்பர். அதனுள் எண்ணெய் சிறு துளைகள் வழியே நெருக்குண்டு செல்ல, அதிர்வு வெப்பமாக மாறிக் காற்றில் கரைகிறது. அது தேய்ந்துவிட்டால் சக்கரம் தரையைவிட்டு எம்பும். பிரேக் பிடித்தும் வண்டி நிற்கத் தாமதிக்கும்.

அமெரிக்காவில் பிக்கப் வண்டி வைத்திருப்போர் பலர் இவற்றைத் தம் வீட்டிலேயே மாற்றிக்கொள்கின்றனர். 2004-ஆம் ஆண்டின் ஃபோர்டு எஃப்-150 வண்டியை எடுத்துக்கொள்வோம். பின்புறப் பணி எளிது. முன்புறமோ, ஷாக் அப்சார்பரைச் சூழ்ந்து ஸ்பிரிங் இறுகி நிற்கிறது. உரிய கருவியால் அதை அழுத்திப் பிடிக்காமல் உச்சி நட்டைக் கழற்றினால், அது சீறிப் பாய்ந்து உயிரையே பறிக்கலாம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் கீழ் நுழைவதும் அத்தகைய ஆபத்தே.

இறுதியில் ஒரு விதி. ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும்போது முழுமையாக முடுக்கலாகாது. வண்டி தன் பாரத்தோடு தரையில் நின்றபின்னரே முடுக்க வேண்டும். இல்லையேல் ரப்பர் முறுக்குண்டு விரைவில் கிழியும்.

சுமையற்ற வேளையில் நாம் செய்யும் உறுதிகளும் அவ்வாறே அல்லவா? பாரத்தின் நடுவே முடுக்கப்பட்டவையே நிலைக்கின்றன. வந்த கோபத்தை வந்தவாறே திருப்பித் தராமல் தம்முள் கரைத்துவிடும் ஒருவர் இருந்தால் போதும். அவ்வில்லத்தார் அனைவரின் கால்களும் தரையில் ஊன்றி நிற்கும்.