கையெழுத்துக்கு முந்தைய நாள்

"எங்க குடும்பத்துல மூணு தலைமுறையா ஒருத்தரும் கோர்ட்டு வாசல மிதிச்சதில்லீங்க." சூலூரிலோ கிணத்துக்கடவிலோ ஈரோடு பக்கம் சிவகிரியிலோ இந்த வார்த்தை கேட்காத பெரிய வீடு குறைவு. சம்பந்தம் பேசும்போதுகூட தோட்டம், வீடு, கார் என்று சொல்லிவரும் வரிசையில் இதுவும் ஒரு சொத்தாக வந்து நிற்கும். அந்தப் பெருமை வெறும் பேச்சல்ல. பங்காளிச் சண்டையில் வழக்குப் போட்டு, தீர்ப்பு வருவதற்குள் போட்டவரே போய்ச் சேர்ந்து, பிள்ளைகள் வாய்தாவுக்கு அலைந்த குடும்பங்களைப் பார்த்துப் பார்த்து வந்த எச்சரிக்கை அது. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அந்த எச்சரிக்கை நம்மை ஒரு தவறான முடிவுக்குக் கொண்டுவிட்டிருக்கிறது. கோர்ட்டுக்குப் போவதும் வக்கீலைப் பார்ப்பதும் ஒன்றே என்று நினைத்துக்கொண்டோம். அதனால் பார்க்க வேண்டிய நாளில் பார்க்காமல் விட்டு, பெரிதாகப் பயன் இல்லாத நாளில் பை நிறையக் காகிதத்தோடு போய் உட்காருகிறோம். கோர்ட்டு வாசலை மிதிக்காமல் இருக்க நினைக்கிறவர்தான் வக்கீல் வாசலை முதலில் மிதிக்க வேண்டும் என்பது என் கட்சி.

கணக்கிலிருந்து தொடங்கலாம். தமிழ்நாட்டில் ஒரு கிரயப் பத்திரத்துக்குப் பொதுவாக முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 50 லட்ச ரூபாய்க்குப் பத்திரம் பதிந்தால் நாலரை லட்சம் அரசுக்குப் போய்விடும். தரகு கமிஷன் தனி. இவ்வளவையும் மறுபேச்சில்லாமல் கட்டுகிறவர், பழைய பத்திரங்களைப் படித்துப் பார்த்து எழுத்தில் கருத்துச் சொல்லும் வக்கீலுக்குச் சில ஆயிரம் கொடுப்பதை வீண்செலவு என்கிறார். இதே ஆள் வங்கியில் வீட்டுக்கடன் கேட்டுப் போனால், வங்கி முதலில் கேட்பது லீகல் ஒப்பீனியன். முப்பது வருட வில்லங்கம், தாய்ப்பத்திரம், பட்டா, வாரிசுச் சான்று எல்லாம் வங்கி நியமித்த வக்கீலிடம் போய், அவர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் காசோலை நகரும். அந்த வக்கீலும் வங்கிக்காகப் பார்க்கிறவர்; கடன் திரும்ப வருமா என்பதுதான் அவருக்கு முக்கியம். கடன் வாங்காமல் கையிருப்பில் வாங்குகிறவருக்கு அதுகூட இல்லை. வங்கி தன் காசுக்குப் போடும் காவலை, தறி ஓட்டியும் சொசைட்டிக்குப் பால் ஊற்றியும் சேர்த்த காசுக்கு நாம் போடுவதில்லை.

கொங்கு நாட்டுத் தோட்டப் பத்திரம் ஒன்றை எடுத்துக் கடைசிப் பக்கத்தில் உள்ள சொத்து விவரத்தைப் பாருங்கள். புல எண்ணும் செக்குபந்தியும் முடிந்ததும் ஒரு வாக்கியம் மூச்சுவிடாமல் ஓடும். கிணற்றில் பொதுவில் நாலில் ஒரு பாகம், அதில் பூட்டியுள்ள மின் மோட்டாரிலும் சர்வீஸ் இணைப்பிலும் அதே பாகம், முறைப்படி தண்ணீர் எடுத்துப் பாய்ச்சிக்கொள்ளும் பாத்தியம், வாய்க்கால் பாத்தியம், ஆளும் மாடும் வண்டியும் போய்வரும் மாமூல் தடப் பாத்தியம். படிக்கிறவர் கண் வழுக்கிக்கொண்டு போகிற இடம் இது. அந்தத் தோட்டத்தின் விலையைத் தீர்மானிப்பதும் இதுதான். தடம் யார் நிலத்தின் வழியாக வருகிறது, அந்த நிலத்துக்காரர் பத்திரத்திலும் அது எழுதப்பட்டிருக்கிறதா, எத்தனை அடி அகலம், கிணற்றில் நம் முறை எத்தனை நாளைக்கு ஒரு தடவை, விற்கிறவர் தன் பாகத்துக்கு மேல் விற்கிறாரா என்ற கேள்விகளுக்கு வில்லங்கச் சான்று பதில் சொல்லாது. பதிவான ஆவணங்கள் மட்டுமே அதில் வரும். பதியாத உயில் வராது. வாய்மொழியாகப் பிரித்த பாகம் வராது. நடந்துகொண்டிருக்கும் வழக்குகூடப் பெரும்பாலும் வராது. கோயில் நிலமா, பூமிதான நிலமா, பஞ்சமி நிலமா என்று அறிய வேறு பதிவேடுகளைப் புரட்ட வேண்டும்.

பார்க்கிற வக்கீல் உள்ளூர்க்காரராக இருக்க வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வது இதற்காகத்தான். ஈரோடு 1979-இலும் திருப்பூர் 2009-இலும் தனி மாவட்டங்களாயின. சார்பதிவாளர் அலுவலக எல்லைகளும் அவ்வப்போது மாறி வந்திருக்கின்றன. ஒரே நிலத்தின் பழைய வில்லங்கம் ஓர் அலுவலகத்திலும் புதியது இன்னொன்றிலும் கிடக்கும். எந்த ஊர் எப்போது எதிலிருந்து பிரிந்தது, எந்த வாய்க்காலுக்கு எந்தப் பக்கம் நிலம் எடுக்கப்பட்டது, எந்தக் கோயிலுக்கு எவ்வளவு மானியம் என்பதெல்லாம் கோபியிலோ பொள்ளாச்சியிலோ தாராபுரத்திலோ இருபது வருடம் தொழில் செய்கிறவர் விரல் நுனியில் இருக்கும். சென்னையில் அவரைவிடச் சட்டம் படித்தவர்கள் உண்டு. அவர்களுக்கு இந்தத் தடம் தெரியாது. பத்திர எழுத்தர் போதாதா என்று கேட்பார்கள். அவர் உழைப்பை மதிக்கிறேன். சொன்னதைச் சட்டப்படியான வாசகத்தில் எழுதித் தருவது அவர் வேலை. விற்கிறவருக்கு விற்க உரிமை இருக்கிறதா என்பதற்கு அவர் பொறுப்பேற்பதில்லை; சார்பதிவாளரும் ஏற்பதில்லை. பதிவான பத்திரம் என்பதாலேயே அது நல்ல பத்திரம் ஆகிவிடாது.

சட்டத்தில் பல உரிமைகளுக்குக் கெடு உண்டு. வக்கீலைத் தள்ளிப்போடுகிறவர் தன்னை அறியாமல் அந்தக் கெடுவைத்தான் செலவழிக்கிறார். திருப்பூரிலும் சோமனூரிலும் நூலும் துணியும் கடனுக்குப் போய்வரும் வியாபாரத்தில் காசோலை திரும்புவது அன்றாடச் செய்தி. "அடுத்த வாரம் போடுங்க" என்று கொடுத்தவர் சொல்வார். முகத்துக்காக இவரும் காத்திருப்பார். காசோலை திரும்பிய தகவல் வங்கியிலிருந்து வந்த 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது கிடைத்த 15 நாளுக்குள் பணம் வராவிட்டால், அதன் பிறகு ஒரு மாதத்துக்குள் புகார் தாக்கல் செய்ய வேண்டும். புகார் தாமதமானால் தகுந்த காரணம் காட்டி மன்னிப்புக் கேட்கலாம். நோட்டீஸ் தாமதமானதற்கு அந்தச் சலுகை இல்லை. புரோநோட்டுக்கு மூன்று வருடம்; அதற்குள் ஒரு தொகையை வரவு வைத்துக் கையெழுத்து வாங்கினால் அன்றிலிருந்து புதிதாக மூன்று வருடம். கிரய ஒப்பந்தத்தை நிறைவேற்றித் தரக் கேட்கவும் மூன்று வருடம்தான். வசூலாகாத பணத்தில் பாதிக்கு மேல் மோசடியால் போனது என்று நினைக்கிறோம். அதில் காலண்டரால் போனதும் உண்டு.

இதைவிட வருத்தமான ஒன்று கோர்ட்டிலிருந்து வரும் சம்மனைத் திருப்பி அனுப்புவது. தபால்காரர் வாசலில் நிற்பார், உறையின் மேல் நீதிமன்ற முத்திரை தெரியும், வீட்டுப் பெரியவர் "வாங்க வேண்டாம்" என்று தலையாட்டுவார். உறையின் மேல் 'வாங்க மறுத்தார்' என்று எழுதித் தபால்காரர் எடுத்துப் போவார். வாங்காவிட்டால் வழக்கு இல்லை என்று வீட்டில் நிம்மதி. சட்டம் அதை வாங்கியதாகவே எடுத்துக்கொள்ளும். வாய்தா அன்று பெயர் கூப்பிடப்படும், ஆள் இருக்காது, ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிடும். அதை நீக்கக் கேட்க 30 நாள். பெரும்பாலும் அந்த 30 நாளும் போன பிறகு, அமீனா வாசலுக்கு வரும்போதுதான் குடும்பம் வக்கீலைத் தேடி ஓடுகிறது. உறையைப் பிரித்து அன்றே ஒருவரிடம் காட்டியிருந்தால், சொல்ல வேண்டிய பதிலைச் சொல்ல 30 நாளும், நீதிமன்றம் இசைந்தால் 90 நாள் வரையிலும் இருந்திருக்கும்.

இங்கே உறவைப் பற்றிய ஆட்சேபம் எழும். வக்கீலைக் கூட்டி வந்தால் அண்ணன் தம்பி மனம் முறிந்துவிடும், பெரியவர்கள் உட்கார்ந்து பேசினால் முடியாதா என்பார்கள். இது இந்த மண்ணின் கனமான ஆட்சேபம். உரிய மரியாதையோடு பதில் சொல்ல வேண்டியது. பெரியவர்கள் பேசி முடிப்பதை நான் எதிர்க்கவில்லை. முடித்ததை எழுதும்போது வக்கீல் வேண்டும் என்கிறேன். ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் எழுதும் கூர்ச்சீட்டை எடுத்துக்கொள்வோம். 'முன்பே வாய்மொழியாக இவ்விதம் பிரித்துக்கொண்டோம், அதை நினைவுக்காக எழுதி வைக்கிறோம்' என்றிருந்தால் பதிவில்லாமலும் அது நீதிமன்றத்தில் சான்றாக நிற்கும். 'இந்தச் சீட்டின் மூலம் இவ்விதம் பிரித்துக்கொள்கிறோம்' என்றிருந்தால் பதிவு கட்டாயம். பதியாவிட்டால் பாகம் பிரிந்ததற்கு அது சான்றாகாது. கொண்டோம், கொள்கிறோம் என்ற வினைமுற்றில் இரண்டு தலைமுறையின் நிம்மதி தொங்குகிறது. மனமொத்து உட்கார்ந்த அன்றைக்கே இதை ஒருவர் பார்த்துத் திருத்தினால் உறவு கெடுவதில்லை. பிள்ளைகள் காலத்தில் அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு சண்டை வரும்போதுதான் கெடுகிறது.

உறவின் பெயரால் வாங்கப்படும் இரண்டு கையெழுத்துகளைப் பற்றிச் சொல்லாமல் விட என் மனம் ஒப்பவில்லை. ஒன்று, பெண் பிள்ளைகளிடம் வாங்கும் விடுதலைப் பத்திரம். தமிழ்நாடு 1989-லேயே, அப்போது மணமாகாதிருந்த மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு கொடுத்தது. 2005-இல் மணமான மகளுக்கும் சேர்த்து நாடு முழுவதற்கும் அது சட்டமானது. அந்தச் சட்டம் வந்த நாளில் தந்தை உயிரோடு இருந்தாரா இல்லையா என்ற சிக்கலையும் 2020-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது. ஆனாலும் "சீர் செஞ்சாச்சல்ல, ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போ கண்ணு" என்று சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்து வருவது நின்றபாடில்லை. விட்டுக்கொடுக்க ஒரு பெண்ணுக்கு முழு உரிமை உண்டு. எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும். அதை அவளுக்குச் சொல்கிற வக்கீல் அண்ணன் வைத்த வக்கீலாக இருக்கக் கூடாது. இன்னொன்று, வயதானவர்கள் மகன் பேரிலோ மகள் பேரிலோ எழுதும் செட்டில்மென்ட். பிள்ளைகள் கவனிக்காமல் விட்டால், 2007-ஆம் வருடத்துப் பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தின்படி அதை ரத்து செய்யக் கேட்கலாம். ஆனால் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனை பத்திரத்திலேயே வேண்டுமா, உறவை வைத்து ஊகித்துக்கொள்ளலாமா என்பதில் தீர்ப்புகள் ஒன்றுபோல் இல்லை. அந்த ஒரு வரியைக் கேட்டு எழுத வைக்கப் பெற்றவர்கள் கூச்சப்படுவார்கள். அவர்களுக்காகக் கூச்சப்படாமல் கேட்க ஒருவர் வேண்டும்.

பத்திரப் பதிவே இல்லாத கையெழுத்துகளும் உண்டு. 2012-இல் பெருந்துறையைச் சுற்றி ஈமுக் கோழிப் பண்ணைகள் சரிந்தபோது, முதலீடு செய்தவர்கள் கையில் ஒப்பந்தங்கள் இருந்தன. திருப்பூர் பாசி நிறுவனத்தின் முதலீட்டு மோசடி 2009-இல் வெளிப்பட்டது. முதலீட்டாளர் வழக்குகளை விசாரிக்கும் கோவை டான்பிட் நீதிமன்றம் குற்றவாளிகளுக்கு 27 ஆண்டு சிறை விதித்தது 2022-இல். இடையில் போன பதின்மூன்று வருடத்தை யாராலும் திருப்பித் தர முடியவில்லை. இந்த ஒப்பந்தங்களில் ஒன்றைப் பணம் கட்டும் முன் ஒரு வக்கீல் மேசையில் வைத்திருந்தால், பொதுமக்களிடம் டெபாசிட் வாங்க உங்களுக்கு யார் அனுமதி கொடுத்தது என்ற முதல் கேள்வியிலேயே பலருடைய பணம் தப்பியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

வக்கீல்களே வழக்கை இழுத்தடிக்கிறார்கள், ஃபீஸ் என்று கறக்கிறார்கள் என்ற குறை பொய்யல்ல. அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அது வக்கீலைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும் என்பதற்குக் காரணம். வக்கீலே வேண்டாம் என்பதற்கு அல்ல. வழக்கு ஜெயித்தால் சொத்தில் இத்தனை பங்கு என்று பேசுவதைப் பார் கவுன்சில் விதி தடை செய்கிறது. அப்படிப் பேசுகிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். எந்தக் கட்டத்துக்கு எவ்வளவு என்று முதல் நாளே கேட்டு எழுதிக்கொள்ளலாம், ரசீது கேட்கலாம். நம்பிக்கை போனால் மாற்றிக்கொள்ளலாம். ஃபீஸ் பாக்கி என்று சொல்லி வழக்குக் கட்டை நிறுத்தி வைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-இலேயே சொல்லிவிட்டது. நல்ல வக்கீலுக்கு இன்னோர் அடையாளமும் உண்டு: இதற்கு நான் தேவையில்லை என்று அவரே சொல்வார். வாங்கிய பொருளில் குறை என்றால் நுகர்வோர் ஆணையத்தில் நாமே வாதாடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், அவ்வளவுதான். பதிவு பெற்ற சிறு பட்டறைக்காரர் 45 நாளாகியும் பணம் தராத கம்பெனி மேல் சிறுதொழில் வசதி மன்றத்தில் தானே மனுப் போடலாம். பராமரிப்புக் கேட்டு ஆர்.டி.ஓ.விடம் போகும் பெற்றோருக்கும் முதல் மனுவுக்கு வக்கீல் வேண்டியதில்லை. எல்லாவற்றையும் செல்போனிலேயே தெரிந்துகொள்ளலாமே என்றால், பொதுச் சட்டம் அதில் கிடைக்கும்; உங்கள் தாய்ப்பத்திரத்தின் நாலாம் பக்கத்தை அது படித்திருக்காது.

பணமில்லை என்பது கடைசி ஆட்சேபம். கோவை நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இயங்குகிறது. 1987-ஆம் வருடச் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், ஆலைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவசமாக வக்கீல் கிடைப்பார். சட்ட உதவிக்கான தொலைபேசி எண் 15100. அங்கே போவது வழக்குப் போட மட்டும் அல்ல, ஆலோசனை கேட்கவும்தான். அதனால் யார் எந்தத் தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டாலும், அது அண்ணனாக இருந்தாலும் சரி, கம்பெனியாக இருந்தாலும் சரி, நகல் ஒன்றை வாங்கி ஒரு நாள் உங்கள் வீட்டில் வைத்திருங்கள். அந்த ஒரு நாளில் உங்கள் ஊர் வக்கீல் ஒருவரிடம் அதைக் காட்டிவிட்டு வாருங்கள்.