குட்டி யானை அழுத கதை

மீஞ்சூர் பக்கம் ஒன்றரை ஏக்கரில் கீரை போடுகிறோம். வாரத்தில் நாலு நாள், விடியற்காலை மூன்றரை மணிக்குக் கட்டுகளைக் குட்டி யானையில் ஏற்றிக்கொண்டு நானும் வீட்டுக்காரம்மாவும் கிளம்பிவிடுவோம். மணலி புதுநகர் வழியாகத் திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, ராயபுரம் கடைகளுக்குக் கீரையைப் போட்டுவிட்டு, திரும்பும்போது காசிமேட்டில் இரண்டு கேன் மீன் கழிவு வாங்கி வருவோம். மீன் அமிலம் போடத்தான். சரிக்குச் சரி வெல்லம் போட்டு மூடி வைப்போம். கீரைக்கு நன்றாகவே கேட்கிறது.

2024 பொங்கல் முடிந்து ஒரு வாரம் இருக்கும். வண்டி நாற்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் 'ஙொய்ய்ய்' என்று ஒரு சத்தம். காதருகே கொசு சுற்றுவது மாதிரி ஆரம்பித்து, ஐம்பதைத் தொட்டால் மாவு மில் மாதிரி ஆகிவிடும். வீட்டுக்காரம்மாதான் முதலில் சொன்னார். "ரோடு அப்படி" என்று நான் வாயை அடைத்துவிட்டேன். எண்ணூர் விரைவு சாலையில் கன்டெய்னர் லாரிகள் முன்னும் பின்னும் உறுமும்போது எது யார் சத்தம் என்று எங்கே தெரிகிறது?

ஒரு வாரத்தில் எனக்கே பயம் வந்துவிட்டது. ஒரு பட்டறையில் காட்டினேன். ஓட்டிக்கூடப் பார்க்காமல், "கியர் பாக்ஸ் போச்சு, இறக்கணும், பதினெட்டாயிரம் ஆகும்" என்றார்கள். பதினெட்டாயிரத்துக்கு எத்தனை கட்டுக் கீரை என்று கணக்குப் போட்டபடியே வீட்டுக்கு வந்தேன். கம்மலை வைக்கலாமா என்றுகூடப் பேச்சு வந்தது. இந்த இதழின் கேள்வி-பதில் பகுதிக்கு எழுதலாம் என்று கடிதமும் எழுதி வைத்தேன். அதற்குள் எர்ணாவூரில் பதில் கிடைத்துவிட்டது.

அங்கே டீக்கடை ஓரம் கொட்டகை போட்டு வண்டி வேலை பார்க்கிறார் ஒரு பெரியவர். எண்ணூர் லேலண்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்று ஆரம்பித்து, ஆஸ்டின் கார்களைப் பூட்டி, 1955-ல் அசோக் லேலண்ட் என்று பெயர் மாறிய கம்பெனி அது. பக்கத்துத் திருவொற்றியூர் புல்லட் செய்த ஊர். நாம் மாட்டின் அசைவைப் பார்த்து நோய் சொல்வதுபோல, இந்தப் பக்கத்து ஆட்கள் இயந்திரத்தைக் காதாலேயே பார்த்துவிடுகிறார்கள்.

வண்டியை ஓரம் கட்டும்போதே, "இன்னா நைனா, வண்டி அழுவுது?" என்றார். கியர் பாக்ஸ் கதையைச் சொன்னேன். சிரித்தார். "சத்தம் இன்ஜின் கூட ஓடுதா, சக்கரத்து கூட ஓடுதான்னு மொதல்ல பாக்கணும்பா" என்று பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்.

நின்ற வண்டியிலேயே ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொன்னார். சத்தம் இல்லை. "அப்போ பெல்ட், டைனமா இல்ல." பிறகு ரோட்டில் நாற்பதில் மூன்றாம் கியர், அதே நாற்பதில் நாலாம் கியர். இன்ஜின் வேகம் மாறுகிறது, அந்த 'ஙொய்' மாறவில்லை. முன்னும் பின்னும் வண்டி இல்லாத நேரான இடத்தில் நியூட்ரலில் விடச் சொன்னார். "சாவிய மட்டும் அணைச்சிடாத. பிரேக் கல்லாயிடும், ஸ்டீயரிங் பூட்டிக்கும்." கியரில் பாரமே இல்லாதபோதும் வண்டி அழுதுகொண்டுதான் போனது. "கியர் பாக்ஸ கழட்டாத" என்று அப்போதே சொல்லிவிட்டார்.

அடுத்ததுதான் எனக்குப் பிடித்த இடம். மெதுவாக இடது பக்கம் திருப்பச் சொன்னார், சத்தம் கூடியது. வலது பக்கம் திருப்பினால் அடங்கியது. "இடது பக்கம் திரும்பினா பாரம் எங்க சாயும்?" என்று கேட்டார். வைக்கோல் பாரம் ஏற்றிய மாட்டு வண்டியை ஓட்டியவனுக்கு இது தெரியாதா? "வலது பக்கம் ஐயா" என்றேன்.

கொட்டகைக்குத் திரும்பியதும் நாலு சக்கரத்தின் நடுப்பகுதிக்கும் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோய்ப் பார்த்தார். முன் வலது சக்கரம் மட்டும் அடுப்பு மாதிரி கொதித்தது. ஜாக்கி வைத்துத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் 'கடக் கடக்'. சக்கரத்தைச் சுற்றிவிட்டு என் கையைப் பட்டையின் மேல் வைக்கச் சொன்னார். நறநறவென்று அதிர்வு கையில் ஏறியது.

திறந்தபோது கிரீஸ் மோர் மாதிரி வெளுத்துக் கிடந்தது. "வெள்ளத்துல நின்னுச்சா?" என்றார். நின்றது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில், மணலி புதுநகரில் உறவுக்காரர் வீட்டு வாசலில், சக்கரம் பாதி முழுகி இரண்டு நாள். இன்ஜின் ஆயிலை மாற்றினேன். சக்கரத்துக்குள் தண்ணீர் போகும் என்று தோன்றவே இல்லை. பேரிங் உருளைகளில் அம்மைத் தழும்பு மாதிரி குழி. "இன்னும் பத்து நாள் ஓட்டியிருந்தா சக்கரம் இறுகி நின்னிருக்கும், இல்ல கழண்டு உனக்கு முன்னாடி ஓடியிருக்கும்." பின்னால் வரும் கன்டெய்னர் லாரியையும், பக்கத்து சீட்டில் தூங்கி வழிபவரையும் நினைத்துக்கொண்டேன்.

உள் பேரிங், வெளி பேரிங், அவற்றின் கப்பு, ஆயில் சீல், கிரீஸ், புது காட்டர் பின். பழைய பின்னை நிமிர்த்திப் போடவே கூடாதாம். நட்டை இறுக்கி, சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, மறுபடி கொஞ்சம் தளர்த்தினார். இறுக்கமாக விட்டால் புது பேரிங்கும் கருகிவிடுமாம். இடது சக்கரத்தையும் திறந்தார். அங்கே கிரீஸ் வெளுக்க ஆரம்பித்திருந்தது, பேரிங் நன்றாக இருந்தது. மண்ணெண்ணெயில் கழுவிக் காயவைத்து, புது கிரீஸ் அடைத்தார். கூலியோடு 2,300 ரூபாய்.

கிளம்பும்போது, "சேத்துல உழுவுற டிராக்டர் முன் சக்கரத்துக்கும் இதேதான் நைனா" என்றார். ஊருக்கு வந்து மச்சானிடம் சொன்னேன். அவர் டிராக்டரும் இரண்டு மாதமாக ஊதிக்கொண்டிருந்தது, 'டயர் சத்தம்' என்று விட்டிருந்தார். திறந்தால் ஆயில் சீல் கிழிந்து, கிரீஸோடு சேறும் கலந்து கிடந்தது. மறுநாள் கீரை போட்டுத் திரும்பும்போது, அந்தப் பழைய சீலைக் கையில் எடுத்துக்கொண்டு எர்ணாவூரில் நிறுத்தினோம்.

வீட்டுக்காரம்மா இப்போது வண்டியில் பாட்டுப் போடவிடுவதில்லை.