எண்ணிக்கையும் உயிர்ப்பும்

பாலிக் புலாவ் மலைச்சரிவுகளில் டுரியான் முற்றித் தானே உதிரும். உதிர்ந்த பழங்களை எண்ணி அவ்வாண்டின் விளைச்சலைக் கூறிவிடலாம். தோட்டம் நிலைக்குமா என்றறிய, மரங்களின் வேரையும் புதிதாக நட்ட கன்றுகளையும் காணவேண்டும்.

பலர் கூடி ஆக்கி, எவரும் எடுத்தாளத் தரும் திறமூல மென்பொருளுக்கும் இது பொருந்தும். யார், எந்நாளில், எவ்வரியை மாற்றினார் என்பதை 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய 'கிட்' என்னும் கருவி பதிந்து வைக்கிறது. பதிவு இருப்பதால் எண்ணுதல் எளிது. எளிதானதையே அளப்பது மனித இயல்பு.

இதே வழியில் வளர்ந்தது தமிழ் விக்கிப்பீடியா. 2003இல் தொடங்கிய அது, 2017இல் 100,000 கட்டுரைகளை எட்டியது. பெருமைக்குரிய செய்தியே! ஆயினும், அங்கு ஒற்றுப்பிழை ஒன்றைக் களைவதும் ஒரு திருத்தம். பல நாள் உழைத்த கட்டுரையை ஒரே முறையில் பதிவதும் ஒரு திருத்தம். புதியவருக்குப் பொறுமையுடன் வழிகாட்டியவரின் உழைப்போ கட்டுரைக் கணக்கில் ஏறுவதே இல்லை.

2017இல் லினக்ஸ் அறக்கட்டளையின்கீழ்த் தோன்றிய 'கேயாஸ்' திட்டம் வேறு வினாக்களை எழுப்புகிறது. வந்தோருள் எத்தனை பேர் நிலைத்தனர்? ஐயம் கேட்டவருக்கு எவ்வளவு விரைவில் மறுமொழி கிடைத்தது? ஓரிருவர் விலகினால் பணி முடங்குமா?

புள்ளிகளை மட்டும் கொண்டு மாணவரை மதிப்பிடாத நல்லாசிரியர்க்கு இவ்வினாக்கள் புதியன அல்ல. சிலர் தோளில் மட்டுமே நிற்கும் தமிழ்ப்பணி, அவர் தளரின் தானும் தளரும். எண்ணிக்கை நேற்றைய உழைப்பைக் காட்டும்; நாளைய வாழ்வைப் புதிதாக வந்து நிலைப்போரே காட்டுவர்.