மெஹ்ரோலியில் ஆறடி நிலம்

தில்லி மாநகரின் வரலாற்றை யாம் ஆண்டுகளாகவே கற்றோம். ஆண்டுகளாகவே கற்பித்தும் வந்தோம். 1739, நாதிர்ஷா படையெடுப்பு. 1857, சிப்பாய்ப் புரட்சி. 1911, தலைநகர் மாற்ற அறிவிப்பு. 1931, புதுதில்லித் திறப்பு விழா. தேர்வுக்கு அவை போதும்.

எம் பாட்டனாருக்கு அவை போதவில்லை. இரங்கூனில் துணிக்கடை வைத்திருந்து, 1942-இல் போருக்கு அஞ்சிக் கால்நடையாகத் தாயகம் திரும்பியவர் அவர். "பகதூர்ஷா எங்கே அடக்கமானார்?" என்பார். "இரங்கூனில்" என்போம். "எங்கே அடங்க விரும்பினார்?" என்பார். விழிப்போம். விடையை அவர் சொன்னதில்லை. ஒருவேளை அவருக்கும் தெரியாதோ என்னவோ!

பல்லாண்டுகள் கழித்துத் தில்லி சென்றபோது, குதுப்மினாரைக் கண்ட களிப்போடு திரும்பவிருந்த நண்பர்களை வற்புறுத்தி, அண்மையிலுள்ள மெஹ்ரோலிக்கு அழைத்துச் சென்றோம். குவாஜா குத்புத்தீன் பக்தியார் காக்கி அவர்களின் தர்காவை அடுத்துச் சிதைந்து நிற்கிறது ஜஃபர் மஹல். அருகே, பளிங்காலான சிறிய மோத்தி மஸ்ஜித். அதையொட்டிய அடக்கத்தலத்தில் பாட்டனார் இரண்டாம் ஷா ஆலமும் தந்தை இரண்டாம் அக்பரும் துயில்கின்றனர். இடையே ஓரிடம் மட்டும் வெறுமையாக உள்ளது. பகதூர்ஷா தமக்கென ஒதுக்கிய இடம்!

1857 செப்டம்பரில் ஹுமாயூன் கல்லறையில் பிடிபட்ட அவர், 1858-இல் தம் செங்கோட்டையிலேயே குற்றவாளியாக நிறுத்தப்பட்டு, நாடு கடத்தப்பட்டார். 1862 நவம்பர் 7-ஆம் நாள் இரங்கூனில் மறைந்தார். புதைத்த இடம் புலப்படாதவாறு மண்ணைச் சமன் செய்தனர் ஆங்கிலேயர். மெய்யான கல்லறை 1991-இல்தான் வெளிப்பட்டது. எனவே, எம் பாட்டனார் ஃபாத்திஹா ஓதியது அதன் அருகில் நின்றேயன்றி அதன்முன் அன்று. 1943-இல் நேதாஜி வணங்கி நின்றதும் அவ்வாறே. தில்லியை நோக்கிப் புறப்பட்ட அவரது படையில் மலேயாத் தோட்டத் தமிழர் திரளாக இருந்தனர் என்பதை நம் மாணவர் மறத்தலாகாது. 1945-இல் அப்படைத் தளபதியரை விசாரித்ததும் அதே செங்கோட்டையில்தான்.

மெஹ்ரோலிக்கு மற்றொரு நாளும் உண்டு. பிரிவினைக் கலவரத்தால் தர்காவின் உரூஸ் நடைபெறுமோ என்று ஐயுற்ற வேளை அது. 1948 சனவரியில் உண்ணாநோன்பிருந்த காந்தியடிகள் கேட்ட உறுதிமொழிகளுள் அவ்விழாவும் ஒன்று. 27-ஆம் நாள் அங்கே வந்தார். மூன்றாம் நாள் சுடப்பட்டார்.

"இங்கே யார் அடங்கியிருக்கிறார்?" என்று வெற்றிடத்தைக் காட்டி வினவினார் நண்பர். "எவருமில்லை" என்றோம். எனினும் கைகளை ஏந்தினோம். பாட்டனாரிடம் சொல்ல ஒரு விடை கிடைத்திருந்தது; அவர் மறைந்தோ நெடுங்காலமாகியிருந்தது.